இலக்கணம் பார்த்துக் காதலிக்கிறவர்களுக்கு

கல்யாண விளம்பரத்தில் நேராகவே கேட்பார்கள். என்ன சாதி, என்ன உட்பிரிவு, என்ன கோத்திரம். பெரிய மனசுக்காரர்கள் ‘சாதி தடையில்லை’ என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ‘எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அதைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் ஒரு சவுகரியமும் இருந்தது. கதவு சாத்தியிருப்பது தூரத்திலிருந்தே தெரியும். கிட்டப் போய்த் தட்டி அவமானப்பட வேண்டியதில்லை.

இப்போது செல்போனில் டேட்டிங் ஆப் வந்திருக்கிறது. பேர், வயசு, ஒரு போட்டோ, நாலு வரி. சாதிக்கென்று கட்டம் போடாத ஆப்கள் இருக்கின்றன. ‘பரவால்லியே, சாதி கேக்காத எடம் ஒண்ணு வந்துடுச்சே’ன்னு எங்க பசங்களும் பொண்ணுங்களும் உள்ளே போனார்கள். அங்கே அந்த நாலு வரியில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழைத் தப்பாக எழுதுகிறவர்கள் தள்ளி நிற்கவும். கிரிஞ்ச் பார்ட்டிகள் வேண்டாம். புள்ளிங்கோ வகையறாவுக்கு இங்கே வேலையில்லை. ‘கெத்து’, ‘வேற லெவல்’ என்று பேச்சை ஆரம்பித்தால் பதில் வராது.

இதை ரசனை என்கிறார்கள். அரைத்த மாவையே அரைக்கிற சொற்களைக் கேட்டுச் சலித்துப்போச்சாம். ஒற்றுப்பிழை கண்ணை உறுத்துகிறதாம். இந்தச் சலிப்பும் உறுத்தலும் யாரை வெளியே நிறுத்துகின்றன என்று நாங்கள் கேட்கிறோம். கட்டம் போட்டுக் கேட்க முடியாத கேள்வியை வாய்ப்பேச்சை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். ‘எந்தத் தெரு?’ என்று கேட்பது அநாகரிகம். ‘இந்தத் தமிழ் எங்கே கத்துக்கிட்டது?’ என்று சிரிப்பது நாகரிகம். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

முதலில் தேய்ந்துபோன சொற்களைப் பற்றிப் பேசிவிடலாம்.

‘புள்ளிங்கோ’ என்றால் என்ன? பிள்ளைகள். வடசென்னையிலும் எங்க பக்கத்திலும் ‘நம்ம பசங்க’ என்பதற்குச் சொல்வது. கானாப் பாட்டில் இருந்தது. 2019இல் வந்த ‘பிகில்’ படப் பாட்டில் விஜய் தன் வாயாலேயே பாடினார். தியேட்டரே எழுந்து ஆடியது. அதே சொல் பிறகு என்ன ஆனது? தலைமுடிக்குச் சாயம் அடித்தவன், பைக்கில் மூணு பேராகப் போகிறவன், காலனிக்காரன் என்று அடையாளம் காட்டுகிற விரலாக ஆகிவிட்டது. நடிகர் சொன்னால் மாஸ். சேரிப் பையன் சொன்னால் கிரிஞ்ச். சொல் ஒன்றுதான், வாய்தான் வேறு.

இந்தச் சொற்களைத் தேய்த்தது யார்? டீக்கடையில், தறிக்கூடத்தில், கிரிக்கெட் ஆடுகிற ஏரிக்கரையில் பிறந்த சொல்லை சினிமாக்காரன் எடுத்தான். டிவிக்காரன் எடுத்தான். பிஸ்கட் விற்கிறவனும் பனியன் விற்கிறவனும் எடுத்தார்கள். கல்லூரி விடுதியில் ‘லோக்கலா’ப் பேசிப் பார்த்தார்கள். எல்லோரும் எடுத்துச் சக்கையாக்கிப் போட்ட பிறகு, சொல்லைப் பெற்றவன் திரும்ப வாயெடுத்தால் ‘எத்தனை தடவைய்யா இதையே சொல்லுவ?’ என்கிறார்கள். பறைக்கு நடந்ததுதான் சொல்லுக்கும் நடக்கிறது. அவர்கள் மேடையில் அடித்தால் கலை, நாம் அடித்தால் சாவு.

அதே ஆப்பில் இன்னொரு சொற்கூட்டமும் இருக்கிறது. வைப், ரெட் ஃப்ளாக், கோஸ்டிங், சிச்சுவேஷன்ஷிப். பத்துப் பேர் எழுதியதைப் படித்தால் ஒன்பதில் இவை இருக்கும். இதைவிடத் தேய்ந்த சொல் உண்டா? இதற்கு ஏன் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை? அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கொச்சை கொச்சையாகத் தெரிவதில்லை. பாலாற்றங்கரையில் முளைத்தது மட்டும் நாறுகிறது.

அடுத்தது இலக்கணம். அதைத்தானே தராசாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்? சரி, காஞ்சிபுரத்துக்காரர்களிடம் இலக்கணம் பேசாதீர்கள். எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.

குமரகோட்டத்தில் ஒரு கதை சொல்வார்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதி அங்கே அரங்கேற்றினார். முதல் அடியிலேயே புலவர்கள் மடக்கினார்களாம். ‘திகழ்’ என்பதும் ‘தச’ என்பதும் சேர்ந்து ‘திகடச’ என்று ஆகுமா, எந்த இலக்கணத்தில் இருக்கிறது, காட்டு என்று. அவரால் காட்ட முடியவில்லை. மறுநாள் முருகனே புலவர் வேடத்தில் வீரசோழியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இதோ விதி என்று காட்டினாராம். வீரசோழியம் எழுதியவர் யார்? புத்தமித்திரர். 11ஆம் நூற்றாண்டுப் பவுத்தர். கோயில் அர்ச்சகரின் எழுத்துப்பிழையைக் காப்பாற்றக் கடவுளே ஒரு பவுத்தரின் புத்தகத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பது தனிக்கதை. நான் கேட்பது இதுதான். சிவாச்சாரியார் தப்பாக எழுதினால் அதற்கு விதி தேடிக் கடவுள் வருகிறார். எங்க பையன் ‘வணக்கம்’ என்பதை ‘வனக்கம்’ என்று எழுதினால் ஒரு மனிதன்கூட வரமாட்டேன் என்கிறானே, ஏன்?

எங்க ஊர்ப்பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிக்கை. மழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ ராஜா ஊரைவிட்டுத் துரத்தினான். சீடனுக்காக ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொன்னதற்காகப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார். மூணு பேரும் ஒரு ராத்திரி தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’. அது வாயில் தேய்ந்து ஓரிக்கை ஆனது என்பது தலபுராணம். ஆழ்வார் பிரம்பு வேலை செய்கிறவர் வீட்டில் வளர்ந்தவர் என்றும் அதே மரபு சொல்கிறது. வெளியூர்க்காரங்க இங்கே மணிமண்டபம் பார்க்க வருகிறார்கள். ஊர்ப்பேர்ப் பலகையைப் பார்த்து ‘எழுத்துப்பிழை’ என்று யாரும் திரும்பிப் போவதில்லை. அறிந்தோ அறியாமலோ ஒரு கொச்சையைத்தான் பக்தியோடு உச்சரிக்கிறார்கள்.

இலக்கணத்தில் இதற்கு மரூஉ என்று பேர். தஞ்சாவூர் தஞ்சை ஆகலாம், கோயம்புத்தூர் கோவை ஆகலாம். பவணந்தியாரின் நன்னூல் குழூஉக்குறி என்று ஒன்றையும் ஒத்துக்கொள்கிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்கிற சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது, யானைப்பாகர் துணியைக் ‘காரை’ என்பது என்று பள்ளிக்கூடத்தில் உதாரணம் சொல்லித்தருகிறார்கள். பத்து மார்க் கேள்வி. அப்படியானால் ‘கெத்து’ என்ன? ‘புள்ளிங்கோ’ என்ன? இலக்கணப்படி குழூஉக்குறிதானே? யானைப்பாகனுக்கு நூற்பா உண்டு, தறிக்காரனுக்குக் கிண்டல் உண்டா?

‘வீட்டுக்கு’ என்பதை நாங்கள் ‘வூட்டுக்கு’ என்போம். கொச்சை. ‘அகத்துக்கு’ என்பதை அக்கிரகாரத்தில் ‘ஆத்துக்கு’ என்பார்கள். அது அழகு. ‘வர்றேள், போறேள்’ எந்த இலக்கணத்தில் இருக்கிறது? சினிமாவில் மாமி பேசினால் கொஞ்சிக் கேட்கிறார்கள். ஆயா பேசினால் காமெடி டிராக். ‘ழ’ வராதவன் என்று எங்களைச் சிரிக்கிறார்கள். ‘ர’வும் ‘ற’வும் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகிப்போய் எத்தனையோ காலம் ஆச்சு. அய்யர் வாயிலும் அது வேறாக வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் உட்கார்ந்து எழுதியவன் கைக்கு மட்டும் அது ஞாபகம் இருக்கும்.

எங்க தெருப் பிள்ளைகள் எத்தனை வருஷம் உட்கார்ந்தார்கள்? கோர்வைச் சேலை என்று பெருமையாகக் கட்டுகிறீர்களே, உடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர், நடுவில் பிரிக்க முடியாமல் பின்னியிருக்கும். அதை நெய்ய மூணு நாடா வேண்டும், ஒரு ஆள் போதாது. கரைப்பக்கம் நாடா தள்ள ஒரு பிள்ளை உட்கார வேண்டும். வீட்டுக்கு முன்பணம் கொடுத்து அந்தப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்த காலம் ஒன்று இருந்தது. நானும் அப்படி உட்கார்ந்தவன். தமிழ் வாத்தியார் மூணுசுழி ‘ண’ சொல்லிக்கொடுத்த நேரத்தில் தறிக்குழி விளிம்பில் ஜரிகை எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த ‘ண’ எங்களுக்கு வராமல்தான் உங்கள் கல்யாணத்துக்குச் சேலை வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவனுக்குப் பிழையே வராது. மூணுசுழியா ரெண்டுசுழியா என்று அங்கே தெரியாது. அவன் தப்பித்துக்கொள்கிறான். தமிழ் எழுத்திலேயே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு, ராத்திரி தறி விட்டு வந்து, கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். எங்க தெருவில் ஒரு தம்பி அப்படி எழுதினான். அதில் கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. ‘வனக்கம், சாப்டிங்களா, உங்க சிரிப்பு நல்லாருக்கு’. அதைப் படம் பிடித்துப் பத்துப் பேருக்கு அனுப்பிச் சிரித்தார்கள். சுற்றிச் சுற்றி அவன் வேலை செய்கிற இடத்துக்கே அது வந்து சேர்ந்தது. ‘இன்னாடா, வனக்கமா?’ன்னு அங்கே அவனுக்கு அதுவே பேராகிப்போச்சு. மாசக்கணக்கில் போனைக் கையில் எடுக்காமல் கிடந்தான்.

அப்போ, நல்லாப் படித்து, பிழையில்லாமல் எழுதினால் கதவு திறக்குமா? இந்தக் கேள்விக்கும் எங்க தெருவிலேயே பதில் இருக்கிறது. ஒரு பொண்ணு. எம்.ஏ. தமிழ். ஒற்று மிகுமா மிகாதா என்று வாத்தியாருக்கே சொல்லிக்கொடுப்பாள். மூணு வாரம் ஒருத்தன் அவளிடம் பேசினான். ‘உங்க தமிழைப் படிச்சா மனசு குளிருது’ என்று எழுதினான். ஒருநாள் ஊர் கேட்டான். ஓரிக்கை என்றாள். ‘ஓரிக்கையில எந்தப் பக்கம்?’ என்றான். சொன்னாள். ‘அப்பா என்ன பண்றாங்க?’ என்றான். அதையும் சொன்னாள். அதற்கப்புறம் பதிலே இல்லை. அவள் எழுதிய கடைசிப் பதிலை நான் படித்தேன். கமா கூடத் தப்பவில்லை.

ஆகவே இலக்கணம் வாசல்படி மட்டுமே. அதைத் தாண்டினால் உள்ளே பழைய கேள்வி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தமிழ் தெரியாதவர்கள் என்று நம்மைச் சொல்வதும் வரலாற்றுப் பொய். ‘பறையன்’ பத்திரிகையை ரெட்டமலை சீனிவாசன் தொடங்கியது 1893இல். அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியது 1907இல். தன் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த சுவடியிலிருந்துதான் குறள் அச்சுக்கு வந்தது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். பண்டிதத் தமிழ் எழுதியபோது நம்மைத் தமிழர் என்று சேர்த்துக்கொண்டார்களா? பாமா 1992இல் ‘கருக்கு’ நாவலைப் பேச்சுத் தமிழில் எழுதியபோது இது மொழியா என்றார்கள். உயர்ந்த தமிழ் எழுதினால் கண்ணுக்குத் தெரியாது. வாய்த்தமிழ் எழுதினால் காது கூசும்.

இந்த நோய் ஆப்போடு வந்ததில்லை. தமிழில் காதலுக்கே இலக்கணம் இருக்கிறது. தொல்காப்பியம், பொருளதிகாரம், அகத்திணையியல். அதில் அடியோர், வினைவலர் என்று இரண்டு கூட்டத்தைப் பற்றி ஒரு நூற்பா வருகிறது. அடிமைப்பட்டவர்கள், ஏவல் வேலை செய்கிறவர்கள். அவர்களைப் பாட்டுக்குத் தலைவர்களாக வைக்கத் தடையில்லை, ஆனால் வெளியே என்கிறது. எதற்கு வெளியே? அன்பின் அய்ந்திணைக்கு வெளியே என்று உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். அதாவது நமக்குக் கைக்கிளையும் பெருந்திணையும். ஒருதலைக் காமமும் பொருந்தாக் காமமும். குறிஞ்சியும் முல்லையும் முதலாளி வீட்டுக்கு.

ஏன் அப்படி என்று இளம்பூரணர் காரணமும் தருகிறார். பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்கள் அறம் பொருள் இன்பத்தில் வழுவாமல் நடப்பது கடினமாம். நாணம் குறைந்தவர்களாம். எதிராளியின் குறிப்பு தெரியாமல் ஆசை போன போக்கில் போகிறவர்களாம். இன்பத்தை இனிதாக நடத்துகிறவர்கள் பிறர் ஏவல் செய்யாதவர்கள்தானாம். இதை இன்னொரு தடவை படியுங்கள். நாணமில்லை, குறிப்பறியத் தெரியவில்லை, ஆசையை அப்படியே காட்டிவிடுகிறார்கள். ‘கிரிஞ்ச்’ என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான உரை எழுத முடியுமா? இடைக்காலத்து உரையாசிரியர் எழுதி வைத்ததைத்தான் இன்றைக்குச் செல்போனில் நாலு வரியாகச் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள்.

அய்ந்திணைக் காதலை நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தது என்று அதே தொல்காப்பியம் சொல்கிறது. அங்கே நாடகம் என்பது பெருமை. 2012இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் தலித் இளைஞர்களைப் பார்த்து ‘நாடகக் காதல்’ என்றார். ஜீன்ஸ் போட்டு, டீ சர்ட் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்றார். பெருந்திணைக்குப் புதுப்பேர் வைத்தார், அவ்வளவுதான். அந்த வருஷம் நவம்பர் 7ஆம் தேதி தருமபுரியில் நத்தம் காலனியும் பக்கத்திலிருந்த நம் குடியிருப்புகளும் எரிந்தன. 2013 ஜூலை 4ஆம் தேதி இளவரசனின் உடல் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. 2015 ஜூனில் கோகுல்ராஜ் செய்தது என்ன? கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோட்டுக் கோயிலில் நின்று பேசினார். பேசினார், அவ்வளவுதான். அவர் உடலும் தண்டவாளத்தில்தான் கிடந்தது. கொன்றவர்களுக்கு ஆயுள் தண்டனை வர 2022 ஆனது.

ஜீன்ஸைக் கேலி செய்ததற்கும் கொலைக்கும் முடிச்சுப் போடுகிறாயே, எழுத்துப்பிழையைச் சிரித்தால் கொலையா என்று கேட்பீர்கள். சிரித்தவன் கொலைகாரன் என்று நான் சொல்லவில்லை. இவன் காதலிக்கத் தகுதியில்லாதவன் என்ற எண்ணத்தை ஒருவன் அரிவாளால் எழுதுகிறான். இன்னொருவன் சிவப்பு மையால் திருத்துகிறான். சிவப்பு மைக்காரன் வீட்டில் வளர்கிற எண்ணம்தான் அரிவாள்காரனுக்கு ‘ஊரே என் பக்கம்’ என்ற தைரியத்தைத் தருகிறது.

அம்பேத்கர் 1916இல், இருபத்தைந்து வயசில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். சாதியின் உயிர்நிலை அகமணம். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதியபோதும் கலப்பு மணத்தைத்தான் மெய்யான மருந்து என்றார். நூறு வருஷத்துக்கு அப்புறம் நிலைமை என்ன? 2011-12இல் எடுத்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், நாடு முழுக்க நூறு கல்யாணத்தில் சாதி தாண்டியது சுமார் 5. மீதி 95ஐ யார் காவல் காக்கிறார்கள்? அப்பன் காக்கிறான், மாமன் காக்கிறான், தரகர் காக்கிறார். அப்பனையும் மாமனையும் தரகரையும் தள்ளிவிட்டு ரெண்டு பேர் நேருக்கு நேர் பேசக்கூடிய ஒரு சந்து இப்போதுதான் கிடைத்தது. அந்தச் சந்திலும் தமிழ் வாத்தியார் வேஷத்தில் மாமன் வந்து நிற்கிறான். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

‘எனக்குப் பிடிக்காதவனை வேண்டாம் என்று சொல்ல உரிமையில்லையா?’ என்று ஒரு பெண் கேட்டால், உண்டு. முழுசா உண்டு. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். யாரும் யாருக்கும் காதல் கடன்பட்டவர்கள் இல்லை. வேணாம்னு சொன்னா வேணாம்தான். எங்க பசங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதில் வராத பெண்ணுக்கு ராத்திரி பூரா மெசேஜ் அனுப்புகிறவனுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அசிங்கமாகப் பேசுவது வேறு, கொச்சையாகப் பேசுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. சந்திப்பிழையில்லாமல் அசிங்கம் எழுதுகிறவர்களை எங்க பொண்ணுங்க போனில் நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான தமிழ், அழுகிய மனசு. சாதி தெரிந்ததும் ‘காதலெல்லாம் வேணாம், சும்மா வர்றியா?’ என்று கேட்கிறவனுடைய வாக்கியத்தில் இலக்கணப்பிழை எதுவும் இருக்காது. அவனை எந்தச் சல்லடையில் சலிக்கப் போகிறீர்கள்?

எங்க பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மூணுசுழி ‘ண’வைக் கத்துக்கோங்க. மனுப் போடவும் பரீட்சை எழுதவும் பத்திரிகை நடத்தவும் அது வேணும். அது யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. புத்தமித்திரர் எழுதினது, பண்டிதர் எழுதினது. ஆனா காதலிக்கிறதுக்காகக் கத்துக்காதீங்க. ஆயா பேசினதை வாயில் அடக்கிக்கினு, ‘வூடு’ என்று வந்ததை முழுங்கி ‘வீடு’ என்று திருத்திக்கினு, எங்கே மாட்டிக்குவமோன்னு பயந்துகினே ஒருத்தர் கூட எத்தனை வருஷம் குடித்தனம் பண்ணுவீங்க?

இலக்கணம் பார்த்துக் காதலிக்கிறவர்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை ‘வனக்கம்’ என்று ஒரு மெசேஜ் வந்தால், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். படம் பிடித்து ஊருக்கு அனுப்பாதீர்கள். அதை எழுதியவனுக்கு ஒரு சுழிதான் குறைந்தது. ‘சாதியெல்லாம் பாக்கறதில்ல, நல்ல தமிழ்தான் பாக்கறேன்’ என்று அடுத்த ஆளிடம் எழுதுமுன், இதுவரைக்கும் உங்கள் ‘நல்ல தமிழ்’ யார் யாரை உள்ளே விட்டது, யார் யாரை வெளியே நிறுத்தியது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் எங்க தெரு ஒன்றுகூட இல்லையென்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது தமிழ் இல்லை.